ஸ்நாப் உணவு உதவித்தொகையை வட்டார விலைக்கு ஏற்பச் சரிசெய்வது எப்படி: கணக்குப் போடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஸ்நாப் உணவு உதவித் திட்டத்தில் 48 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் ஒரே அட்டவணைதான். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 2026 நிதியாண்டில் மாதம் அதிகபட்சம் 994 டாலர். மன்ஹாட்டனில் இருந்தாலும் அதே தொகை, மிசிசிப்பியின் ஒரு கிராமத்தில் இருந்தாலும் அதே தொகை. அலாஸ்கா, ஹவாய், குவாம், வெர்ஜின் தீவுகள் ஆகியவற்றுக்கு மட்டும் தனித்தனி அட்டவணை உண்டு. மற்ற இடங்களிலும் விலையைப் பார்த்து மாற்றினால் யாருக்கு எவ்வளவு கூடும், யாருக்குக் குறையும் என்ற கேள்வி கொள்கை படிக்கும் மாணவர்களிடமும், தொண்டு நிறுவனங்களில் தரவு வேலை பார்ப்பவர்களிடமும் அடிக்கடி வந்து நிற்கும்.

இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டிருக்கிறேன், புதிதாக வருபவர்கள் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒன்பது பேர் செய்யும் முதல் காரியம், விலைத் தரவைத் தேடி இணையத்தில் இறங்குவது. அது இந்த வரிசையில் ஐந்தாவது வேலை. முதல் நான்கையும் முடிக்காமல் அதைத் தொட்டால், நல்ல தரவை வைத்துக்கொண்டே தப்பான விடைக்குப் போய்ச் சேரலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அமெரிக்க வேளாண்மைத் துறை ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் ஸ்நாப் உச்சத்தொகை அட்டவணை வேண்டும். புதிய தொகைகள் அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வரும். அவற்றுக்கு அடிப்படை, அதற்கு முந்தைய ஜூன் மாதத்தில் சிக்கன உணவுத் திட்டம் எனப்படும் உணவுக் கூடைக்கு ஆன செலவு.

அடுத்து, 2021-இல் மறுமதிப்பீடு செய்யப்பட்ட அந்தக் கூடையின் பொருள் பட்டியலும் அளவுகளும். பிறகு, ஸ்நாப் பெறும் குடும்பங்கள் எந்தக் கவுன்ட்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. இந்தக் கடைசித் தரவைப் பலர் “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் எட்டாம் படியைத் தாண்ட முடியாது.

போர்ட்டோ ரிக்கோவை உங்கள் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். 1982 முதல் அங்கே ஸ்நாப் கிடையாது. மொத்த மானியமாகப் பணம் பெறும் தனி உணவுத் திட்டம் நடக்கிறது, அதன் விதிகளும் வேறு.

2. எந்த எண்ணைச் சரிசெய்கிறோம்?

இந்த ஒரு படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஸ்நாப்பில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, குடும்ப அளவுக்கு ஏற்ற உச்சத்தொகை. இன்னொன்று, குடும்பத்தின் கையில் உண்மையில் கிடைக்கும் தொகை. உச்சத்தொகையிலிருந்து நிகர வருமானத்தில், அதாவது விதிப்படியான கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில், 30 சதவீதத்தைக் கழித்தால் கிடைக்கும் தொகை வரும். உணவுக்காகக் குடும்பம் தன் வருமானத்திலிருந்து அந்த 30 சதவீதத்தைப் போடும், மீதியை அரசு போடும் என்பதுதான் இதன் ஏற்பாடு.

விலைக் குறியீட்டால், அதாவது வட்டாரக் கூடை விலையைத் தேசிய விலையால் வகுத்து வரும் எண்ணால், பெருக்க வேண்டியது உச்சத்தொகையை. உணவுக் கூடையின் விலை அதற்குள்தான் இருக்கிறது. கையில் கிடைக்கும் தொகையைப் பெருக்குவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. இரண்டும் எவ்வளவு விலகிப் போகின்றன என்று பாருங்கள்.

நான்கு பேர் குடும்பம், மாத நிகர வருமானம் 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம் 360. இப்போது கிடைப்பது 994 − 360 = 634 டாலர். அவர்கள் வட்டாரத்தில் உணவு விலை தேசிய சராசரியைவிட 12 சதவீதம் அதிகம்.

சரியான வழி: 994 × 1.12 = 1,113.28, கீழ்நோக்கி முழு டாலராக்கினால் 1,113. அதில் 360 கழித்தால் 753 டாலர்.

தவறான வழி: 634 × 1.12 = 710 டாலர்.

மாதத்துக்கு 43 டாலர் வித்தியாசம். சரியான வழியில் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை 12 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுகிறது. கூடையின் விலை முழுவதும் ஏறுகிறது, ஆனால் குடும்பம் போட வேண்டிய 360 டாலர் அப்படியே நிற்கிறது. ஏற்றம் மொத்தமும் அரசின் பங்கில் வந்து விழுகிறது.

மலிவான வட்டாரத்துக்குப் போனால் இதே கணக்கு மறுபக்கம் கடிக்கும். குறியீடு 0.93 என்றால் உச்சத்தொகை 924. அதே 1,200 டாலர் குடும்பத்துக்கு 564 டாலர்தான் கிடைக்கும், 11 சதவீதம் சரிவு. நிகர வருமானம் 2,500 உள்ள குடும்பத்துக்கு இப்போது 244 டாலர் கிடைக்கிறது. அது 174 ஆகிவிடும், ஏறக்குறைய 29 சதவீதம் சரிவு. நிகர வருமானமே இல்லாத குடும்பத்துக்கு மட்டும்தான் 7 சதவீதம் என்பது 7 சதவீதமாகவே இறங்கும். “மலிவான இடங்களில் 7 சதவீதம் குறையும்” என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள், வேலைக்குப் போகும் ஏழைக் குடும்பங்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு விஷயத்தையும் இந்தப் படியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வாடகை ஏற்கெனவே ஓரளவு கணக்கில் இருக்கிறது. மற்ற கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் பாதிக்கு மேல் வீட்டுச் செலவு போனால், நிகர வருமானத்தைக் கணக்கிடும்போது அந்த அதிகப்படியையும் கழிக்கலாம். 48 மாநிலங்களில் 2026-க்கு இதன் உச்சவரம்பு 744 டாலர், முதியோரோ மாற்றுத்திறனாளிகளோ இருக்கும் வீட்டுக்கு வரம்பு இல்லை. 744 டாலர் முழுவதும் கழிந்தால் உதவித்தொகை ஏறக்குறைய 223 டாலர் கூடும். எனவே வாடகையையும் சேர்த்து அளக்கும் எந்தக் குறியீட்டையும் உச்சத்தொகையின் மேல் போடாதீர்கள். போட்டால் ஒரே வாடகையை இருமுறை எண்ணியதாகிவிடும்.

3. அதிகாரபூர்வ அட்டவணையை நீங்களே வரவழையுங்கள்

புதிதாக எதையும் கணக்கிடும் முன், ஏற்கெனவே வெளியான அட்டவணை உங்கள் கையால் வருகிறதா என்று பாருங்கள். அது வராவிட்டால் நீங்கள் செய்யும் மாற்றமும் சரியாக வராது.

இப்போதைய விகிதங்கள் நான்கு பேர் குடும்பத்தை 100 என்று வைத்து எழுதப்பட்டவை: ஒருவர் 30, இருவர் 55, மூவர் 79, ஐவர் 119, அறுவர் 143, எழுவர் 158, எண்மர் 180. இவை 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி. பழைய கட்டுரைகளில் “ஒருவருக்கு 20 சதவீதம் கூட்டு, இருவருக்கு 10 சதவீதம் கூட்டு” என்று வேறு வடிவில் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் போகின்றன, ஆனால் கலந்து பயன்படுத்தக் கூடாது.

இப்போது ஐவருக்குப் போட்டுப் பாருங்கள். 994 × 1.19 = 1,182.86. கீழ்நோக்கி முழுமையாக்கினால் 1,182. அட்டவணையில் 1,183 இருக்கிறது. எழுவருக்கும் இதே கதைதான், உங்களுக்கு 1,570 வரும், அட்டவணையில் 1,571.

இங்கே பலரும் “ஒரு டாலர்தானே” என்று கடந்துவிடுகிறார்கள். கடக்காதீர்கள். 994 என்பதே முழுமையாக்கிய எண். கணக்கு நடந்தது அதன் தசமத்தோடு. அட்டவணையை வைத்தே அந்தத் தசமத்தைப் பிடிக்கலாம்: எழுவரின் 1,571-ஐ 1.58-ஆல் வகுத்தால் அடிப்படைத் தொகை குறைந்தது 994.31 இருக்க வேண்டும் என்று தெரிகிறது. அறுவருக்கு 1,421 என்பது 1,422 ஆகிவிடாமல் இருக்க, அது 994.40-ஐத் தாண்டக் கூடாது. ஒன்பது காசு அகலமுள்ள இடைவெளிக்குள் எண் சிக்கிக்கொண்டது. இதிலிருந்து ஒரு விதி: எல்லாப் பெருக்கலையும் தசமத்தோடு செய்துவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை கீழ்நோக்கி முழுமையாக்குங்கள். வட்டாரக் குறியீட்டைப் பெருக்குவது இந்த வரிசையில் குடும்ப அளவு விகிதத்துக்கு முன்னால் வரும், முழுமையாக்கலுக்குப் பின்னால் அல்ல.

4. கூடையைப் பூட்டுங்கள்

விலை ஒப்பீடு என்றால் ஒரே கூடையை இரண்டு இடத்தில் வாங்கிப் பார்ப்பது. கூடை மாறினால் அது விலை ஒப்பீடு அல்ல, உணவுப் பழக்க ஒப்பீடு. ஆகவே சிக்கன உணவுத் திட்டத்தின் அளவுகளை அப்படியே எடுத்து, எல்லா வட்டாரத்துக்கும் பூட்டிவிடுங்கள். கணக்கிடும் குடும்பமும் அரசு வைத்திருக்கும் மாதிரிக் குடும்பமாகவே இருக்கட்டும்: 20 முதல் 50 வயதுக்குள் ஓர் ஆண், ஒரு பெண், 6 முதல் 8 வயதில் ஒரு குழந்தை, 9 முதல் 11 வயதில் ஒரு குழந்தை.

“தெற்கு மாநிலங்களில் மக்கள் வேறு மாதிரி சாப்பிடுகிறார்களே, அதற்கேற்பக் கூடையை மாற்ற வேண்டாமா?” என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அது வேறு ஆய்வு. ஏழைகள் ஏற்கெனவே மலிவான பொருளுக்கு மாறிவிட்ட இடத்தில் அவர்கள் வாங்குவதையே கூடையாக வைத்தால், விலை அதிகமான ஊர் மலிவாகத் தெரியும். காய்கறி வாங்க முடியாதவரின் கூடையில் காய்கறி விலை இருக்காது.

5. விலைத் தரவு: எது உதவும், எது கவிழ்க்கும்

முதலில் கவிழ்ப்பவை.

நுகர்வோர் விலைக் குறியீடு. தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் நான்கு பெரும் மண்டலங்களுக்கும் 23 பெருநகரப் பகுதிகளுக்கும் இதைத் தருகிறது. வீட்டு உணவுக்குத் தனிக் குறியீடும் உண்டு. ஒரு நகரில் 330, இன்னொன்றில் 290 என்று பார்த்ததும் முதல் நகரில் உணவு விலை அதிகம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு பகுதியும் தன் சொந்தப் பழைய விலையை 100 என்று வைத்துத் தொடங்கியது. 330 என்பது அந்த நகரில் காலப்போக்கில் விலை எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் சொல்லும். இரண்டு குழந்தைகள் பிறந்ததிலிருந்து எத்தனை அங்குலம் வளர்ந்தார்கள் என்று தெரிந்தால், யார் உயரம் என்று தெரியாதல்லவா? அந்த அலுவலகமே இந்த எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நானும் முதல்முறை இதில்தான் விழுந்தேன். வரைபடம் வரைந்து வண்ணமெல்லாம் போட்ட பிறகுதான் ஒருவர் வந்து சொன்னார்.

வட்டார விலைச் சமநிலைக் குறியீடு. பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் மாநிலங்களுக்கும் பெருநகரப் பகுதிகளுக்கும் ஆண்டுதோறும் தருவது, நாடு = 100. இது உண்மையிலேயே இடத்துக்கு இடம் ஒப்பிடும் குறியீடுதான். ஆனால் மொத்தக் குறியீட்டில் வாடகை பெரும்பங்கு வகிக்கிறது. அதன் பொருள்கள் பிரிவை எடுத்தாலும் அதில் உணவோடு உடையும் மற்றவையும் கலந்திருக்கும். வேறு எதுவும் கிடைக்காதபோது திசை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

நகர வாழ்க்கைச் செலவுக் குறியீடுகள். வேலை மாறுபவர்கள் சம்பளத்தை ஒப்பிடப் பார்ப்பவை. இவற்றில் பரவலாகப் பயன்படும் ஒன்று, உயர் வருமானத் தொழில்முறைக் குடும்பங்களின் கூடையை வைத்து எடுக்கப்படுகிறது. தாமாகச் சேரும் நகரங்கள் மட்டுமே அதில் உண்டு. கிராமம் அதில் இல்லவே இல்லை.

இனி உதவுபவை. வேளாண்மைத் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு வெளியிட்ட மாதாந்தர வட்டார உணவு விலைத் தரவு 2012 முதல் 2018 வரை இருக்கிறது. 90 உணவு வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள், 15 பகுதிகள். பகுதிகள் பெரியவை, காலமும் கடந்துவிட்டது. ஆனால் இலவசம், கற்றுக்கொள்ள மிக நல்லது. கவுன்ட்டி அளவில் வேண்டுமென்றால், ஃபீடிங் அமெரிக்கா அமைப்பு தன் ஆண்டு ஆய்வில் கவுன்ட்டி வாரியாக ஒரு வேளை உணவின் செலவைத் தருகிறது. நீல்சன்ஐக்யூவின் கடை விற்பனைத் தரவை வைத்து, சிக்கன உணவுத் திட்டத்தின் கூடையைத் தழுவி எடுக்கப்படுவது அது.

அதைப் பயன்படுத்தும்போது ஒரு பொறி. அந்தக் கணக்கில் உள்ளூர் விற்பனை வரியும் சேர்ந்திருக்கிறது. பசியின் மொத்தச் செலவை அளக்கும் அவர்கள் நோக்கத்துக்கு அது சரி. ஆனால் ஸ்நாப் அட்டையில் வாங்கும் உணவுக்கு மாநில, உள்ளூர் விற்பனை வரி விதிக்கக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. மளிகைக்கு வரி போடும் மாநிலங்களின் கவுன்ட்டிகளுக்கு வரியை நீக்கிவிட்டுத்தான் குறியீடு எடுக்க வேண்டும். நீக்காவிட்டால், அந்தக் குடும்பங்கள் கட்டாத வரிக்காக உதவித்தொகையை உயர்த்துவீர்கள்.

கடை ஸ்கேனர் தரவை நேரடியாக வாங்கி வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. “ஒரு பவுண்டு சீஸ் சராசரியாக என்ன விலைக்கு விற்றது” என்பது விலை அல்ல. வசதியானவர்கள் வாழும் கவுன்ட்டியில் ஆர்கானிக், துருவியது, துண்டு போட்டது என்று வாங்குவார்கள், சராசரி மேலே போகும். அதே கடையில் அதே கட்டிச் சீஸ் இரண்டு ஊரிலும் ஒரே விலைக்கு இருக்கலாம். இதைத் தவிர்க்க ஒரே பார்கோடு உள்ள பொருளை ஊருக்கு ஊர் ஒப்பிடுங்கள். பார்கோடு இல்லாத எடைப் பொருள்களுக்கு, அதாவது தளர் காய்கறி, பழம், இறைச்சிக்கு, தரம் ஒன்றாக இருக்கும்படி வகையை முடிந்தவரை குறுக்குங்கள். எதையும் ஒரே அளவுக்கு, 100 கிராமோ ஒரு பவுண்டோ, மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். சின்னப் பொட்டலம் மட்டும் கிடைக்கும் சிறு கடைகள் உள்ள பகுதியில் உண்மையான விலை உயர்வே அங்கேதான் ஒளிந்திருக்கும். அதை “பொட்டல வித்தியாசம்” என்று வடிகட்டிவிடாதீர்கள்.

6. வட்டாரத்தின் எல்லை

கவுன்ட்டி வசதியானது, எல்லாத் தரவும் அதில் கிடைக்கும். ஆனால் மக்கள் கவுன்ட்டி எல்லை பார்த்துக் கடைக்குப் போவதில்லை. வேளாண்மைத் துறை 2012–13-இல் நடத்திய தேசிய உணவுக் கொள்முதல் ஆய்வில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: ஸ்நாப்பை ஏற்கும் மிக அருகிலுள்ள சூப்பர் மார்க்கெட் சராசரியாக 2.1 மைலில் இருந்தது, குடும்பங்கள் முக்கியமாக வாங்கிய கடையோ சராசரியாக 3.8 மைலில். பக்கத்துக் கடையைத் தாண்டிப் போகிறார்கள். ஸ்நாப் அட்டை மாநில எல்லை தாண்டியும் செல்லும்.

அதனால் நான் பெருநகரப் பகுதிகளை ஒரே வட்டாரமாகவும், மற்ற கவுன்ட்டிகளை வேலைக்குப் போய்வரும் வட்டாரங்களாகவும் தொகுப்பேன். சின்னக் கவுன்ட்டிகளின் தனி எண்ணில் தற்செயலான ஏற்ற இறக்கம்தான் அதிகம், செய்தி குறைவு.

கோப்புகளை இணைக்கும்போது நடக்கும் மூன்று விபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டிக் குறியீட்டு எண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். அலபாமா, அரிசோனா, ஆர்கன்சா, கலிஃபோர்னியா, கொலராடோ, கனெக்டிகட் என்று பூஜ்யத்தில் தொடங்கும் மாநிலங்கள் இணைப்பில் காணாமல் போகும். வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுன்ட்டியிலும் சேராதவை, சில தரவுகளில் அவை பக்கத்துக் கவுன்ட்டியோடு சேர்க்கப்பட்டிருக்கும். கனெக்டிகட்டில் 2022 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பழைய 8 கவுன்ட்டிகளுக்குப் பதில் 9 திட்டப் பகுதிகளைப் பயன்படுத்துகிறது. பழைய விலைக் கோப்பும் புதிய குடும்பக் கோப்பும் அங்கே ஒட்டாது. இணைத்த பிறகு வரிசைகளை எண்ணுங்கள். இந்த ஓர் எண்ணிக்கை மிச்சப்படுத்திய நாட்கள் எனக்குக் கொஞ்சமல்ல.

7. குறியீட்டைக் கட்டுதல்

கூடையின் ஒவ்வொரு பொருளின் அளவையும் வட்டார விலையால் பெருக்கிக் கூட்டுங்கள். அதே அளவுகளைத் தேசிய விலையால் பெருக்கிக் கூட்டுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் குறியீடு.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே விகிதம் எடுத்து அவற்றைச் சராசரி போடுவது தவறு. அப்படிச் செய்தால் கூடையில் ஒரு சிட்டிகை இருக்கும் மசாலாவும் ரொட்டியும் சம உரிமை பெற்றுவிடும்.

மூன்று ஆண்டு விலைகளைச் சேர்த்து எடுங்கள். முட்டை விலை ஓர் ஆண்டு எகிறி அடுத்த ஆண்டு இறங்கும். அதற்காக ஒரு வட்டாரத்தின் உதவித்தொகை குதிக்கக் கூடாது. விலைப் பதிவுகள் குறைவாக உள்ள வட்டாரத்தை அதன் மாநிலச் சராசரியை நோக்கி இழுத்துவிடுங்கள், பதிவு குறையக் குறைய இழுப்பு கூடட்டும். இப்படிச் செய்யாவிட்டால் நாட்டிலேயே விலை அதிகமான ஊர், விலை குறைவான ஊர் இரண்டுமே ஒரே ஒரு கடையின் விலை பதிவான கிராமங்களாக வந்து நிற்கும்.

8. மொத்தச் செலவு மாறாமல் நிறுத்துவது

வட்டார மாற்றத்தால் திட்டத்தின் மொத்தச் செலவு கூடக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அப்போது குறியீடுகளின் நிறையிட்ட சராசரி 1 ஆகும்படி எல்லாவற்றையும் வகுக்க வேண்டும். எதை நிறையாக வைப்பது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மக்கள்தொகை அல்ல. இப்போது வட்டாரத்துக்குப் போகும் உதவித்தொகையும் அல்ல. அந்த வட்டாரக் குடும்பங்களின் உச்சத்தொகைகளின் கூட்டல்தான் நிறை. இரண்டாம் படியில் பார்த்த அதே காரணம்: குறியீடு பெருக்குவது உச்சத்தொகையை, வருமானத்தின் 30 சதவீதம் அசைவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு. எல்லாமே நான்கு பேர் குடும்பங்கள். விலை அதிகமான வட்டாரத்தில் 400 குடும்பங்கள், குறியீடு 1.12, சராசரியாகக் கிடைப்பது 550 டாலர். மலிவான வட்டாரத்தில் 600 குடும்பங்கள், குறியீடு 0.95, கிடைப்பது 700 டாலர். உச்சத்தொகையை நிறையாக வைத்தால் சராசரி 1.018. அதனால் வகுத்தால் 1.100, 0.933. மொத்தச் செலவு மாறாது.

கிடைக்கும் தொகையை நிறையாக வைத்தால் சராசரி 1.0084 என்று வரும். அதனால் வகுத்துவிட்டு மொத்தம் கூட்டிப் பாருங்கள். மாதம் 6,40,000 டாலர் போகும் இடத்தில் ஏறக்குறைய 9,400 டாலர் கூடுதலாகப் போகும், 1.5 சதவீதம். ஆயிரம் குடும்பங்களில் இவ்வளவு என்றால் நாடு முழுவதற்கும் என்ன ஆகும் என்று நிதிக்குழுவில் யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்.

“மலிவான இடங்களில் யாருக்கும் குறைக்க வேண்டாம், விலை அதிகமான இடங்களில் மட்டும் கூட்டுவோம்” என்பது இன்னொரு வழி. என் விருப்பமும் அதுதான், ஆனால் அதற்குப் பணம் வேண்டும். எவ்வளவு என்பதை நேர்மையாகப் போட்டுக் காட்டுங்கள். மொத்தச் செலவு மாறாது என்ற அட்டவணையின் பக்கத்திலேயே அதையும் வையுங்கள்.

9. குடும்பங்கள் மேல் ஓட்டிப் பார்த்தல்

குறியீட்டோடு நின்றுவிடாமல், உண்மையான வருமானப் பரவலில் குடும்பம் குடும்பமாகக் கணக்கை ஓட்டுங்கள். இரண்டு இடத்தில் கணக்கு வளையும். ஒருவரோ இருவரோ உள்ள தகுதியான குடும்பத்துக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு: ஒருவர் உச்சத்தொகையில் 8 சதவீதம், 2026-இல் 24 டாலர். மலிவான வட்டாரத்தில் இவர்களின் தொகை அதற்குக் கீழே போகாது. வட்டாரத்துக்கு வட்டாரம் அந்தக் குறைந்தபட்சமும் மாறுமா என்பதை நீங்கள் முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். மூன்று பேரும் அதற்கு மேலும் உள்ள, வரம்பின் விளிம்பில் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு இந்தத் தரை இல்லை. அவர்களின் தொகை பூஜ்யத்தைத் தொடலாம். இவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எண்.

வட்டாரங்களை 5 சதவீத அடுக்குகளாகப் பிரிக்கலாமா என்று கேட்பார்கள். நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் ஓர் அடுக்கின் எல்லையில் தெருவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நான்கு பேர் குடும்பத்துக்குச் சுமார் 50 டாலர் வித்தியாசம் வரும். பெருநகரப் பகுதியின் நடுவே அடுக்கு எல்லை விழாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் புகார் குறையும்.

10. ஆண்டுதோறும் புதுப்பித்தல்

தேசியத் தொகையை ஜூன் செலவை வைத்து வேளாண்மைத் துறை புதுப்பிக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டாரக் குறியீட்டை அதனோடு சேர்த்து ஆண்டுதோறும் ஆட்டாதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஐந்தாம் படியில் ஒதுக்கிய நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு இங்கே வேலை உண்டு: ஒரே மண்டலத்துக்குள் காலப்போக்கில் விலை எப்படி நகர்ந்தது என்று பார்க்க அதுதான் சரியான கருவி.

மாற்றாமலே விட்டுவிடுவதும் தவறு. அலாஸ்காவைப் பாருங்கள். அங்கே விலை பார்ப்பது ஆங்கரேஜுக்கு. மற்றவை விதியில் எழுதிவைத்த சதவீதங்கள்: நகர்ப்புறம் ஆங்கரேஜைவிட 0.79 சதவீதம் அதிகம், முதல் வகைக் கிராமப்புறம் 28.52 சதவீதம், இரண்டாம் வகை 56.42 சதவீதம். இரண்டு தசமம் வரை துல்லியம், ஆனால் எண் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆங்கரேஜில் விலை ஏறினால்தான் விமானத்தில் சரக்கு வரும் கிராமத்துக்கும் தொகை ஏறும்.

11. வெளியிடும் முன் கடைசிச் சோதனை

2026 அட்டவணையில் நான்கு பேர் குடும்பத்துக்கு அலாஸ்கா நகர்ப்புறம் 1,285, இரண்டாம் வகைக் கிராமப்புறம் 1,995, ஹவாய் 1,689. இவற்றை 994-ஆல் வகுத்தால் 1.29, 2.01, 1.70. நீங்கள் கட்டிய குறியீட்டில் 48 மாநிலங்களுக்குள் ஏதாவது ஒரு வட்டாரம் 1.29-ஐத் தாண்டினால், முடிவை நம்பும் முன் அதன் விலைப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கப்பலில் சரக்கு வரும் ஆங்கரேஜைவிட நெடுஞ்சாலை ஓரத்து ஊரில் கூடை விலை அதிகமாக இருக்க ஏதாவது காரணம் தெரிய வேண்டும். நான் திறந்து பார்த்த போதெல்லாம் பெரும்பாலும் கிடைத்தது அவுன்ஸையும் பவுண்டையும் மாற்றிப் போட்ட ஒரு வரிசைதான்.